நானூற்றுப் பத்து கிரெயின்

பெங்களூர் கண்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஒரு ரைஃபிள் கிளப்பில் ஆம்ப்ரோஸுக்குத் தோட்டா கட்டுகிற வேலை. 1893-ஆம் வருடம் அவருக்கு முப்பத்திரண்டு வயது. ஈயத்தைக் காய்ச்சி அச்சில் ஊற்றிக் குண்டு வார்ப்பார். ஆறியதும் ஒவ்வொன்றையும் சின்னத் தராசில் கிரெயின் என்கிற நுண்ணிய எடைக் கணக்கில் நிறுத்து, எடை தப்பியதைத் திரும்பச் சட்டியில் போட்டுவிடுவார். தேறியவற்றை ஜோகுபாளையத்து வீட்டுக்கு எடுத்துப்போனால் அவர் மனைவி பெர்னதெத் ஒவ்வொரு குண்டுக்கும் மெல்லிய காகிதத்தை இரண்டு சுற்று சுற்றி அடியில் முறுக்கிவிடுவாள். காகிதம் சுற்றாமல் சுட்டால் துப்பாக்கிக் குழாய்க்குள் ஈயம் அப்பிக்கொள்ளும். அவள் சுற்றியது ஒன்றுகூடக் கிழிந்ததில்லை.

பெர்னதெத்தின் அண்ணன் டொமினிக்கும் அவர்களோடுதான் இருந்தார். மனைவி இறந்த பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட அவருக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் அதே கிளப்பில்தான் வேலை. இலக்குப் பலகைகளுக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. சுடும்போது அதில் உட்கார்ந்திருப்பார். சுட்டு முடிந்ததும் சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டு மேலே வந்து, குண்டு எங்கே பட்டது என்று நீளக் கம்பால் காட்டுவார். பிறகு ஓட்டைகளுக்குக் காகிதம் ஒட்டுவார். கொடி மேலே இருக்கும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அது அந்த மைதானத்தின் முதல் சட்டம்.

அந்த வருடம் ஹோல்ராய்ட் என்று ஒரு கேப்டன் கிளப்பில் சேர்ந்தார். ஒல்லியான ஆள். மார்ட்டினி துப்பாக்கி உதைக்கிற உதையில் அவர் தோள் கன்றிப்போகும். உதைக்குப் பயந்து, விசையை அழுத்துமுன்பே கண்ணை மூடிக்கொள்வார். குண்டெல்லாம் பலகையின் கீழ் மூலைக்குப் போயிற்று. நாலு வாரம் பார்த்துவிட்டு ஆம்ப்ரோஸ் அவரிடம் போனார்.

"துரை, எல்லாரும் நானூற்று எண்பது கிரெயின் குண்டு சுடறாங்க. உங்களுக்கு நானூற்றுப் பத்துல கட்டித் தரட்டுமா? வெடிமருந்தும் குறைச்சுப் போடுறேன். உதை பாதியாயிடும்."

"லேசான குண்டு காற்றில் தள்ளிப்போகுமே?"

"ஐந்நூறு கஜத்துல தள்ளும். அங்கே கனமான குண்டுதான் நிக்கும். நீங்க சுடறது முந்நூறு கஜம். காலையில காத்தும் கிடையாது. கொஞ்சம் உசத்திக் குறி வைக்கணும், அவ்வளவுதான்."

கேப்டன் ஒத்துக்கொண்டார். ஆம்ப்ரோஸ் குதிரைப்படைக் குட்டைத் துப்பாக்கிக்கான பழைய அச்சு ஒன்றைத் தேடி எடுத்து நாற்பது குண்டு வார்த்தார். சுத்த ஈயம். நாற்பதும் நானூற்றுப் பத்துக்கு ஒரு கிரெயின் முன்னே பின்னே நின்றன. பெர்னதெத் காகிதம் சுற்றினாள். "இது என்ன, குட்டையா இருக்கு?" என்று கேட்டாள். டொமினிக் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "கேப்டனுக்குப் பால்குடி மறக்கலை போல," என்றார். மூவரும் சிரித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை முந்நூறு கஜத்தில் நாலு பேர் படுத்துச் சுட்டார்கள். மற்ற மூவருக்கும் வழக்கமான கனத்த குண்டு. காற்றே இல்லாததால் கரிமருந்துப் புகை கலையாமல் அவர்கள் மேலேயே நின்றது. கேப்டனின் குண்டுகள் முதல் தடவையாகப் பலகையின் நடுப்பக்கம் விழுந்தன. அவர் பரபரப்பாக இருந்தார். பத்துச் சுற்று முடிந்து கொடி ஏறியது. டொமினிக் பசைச் சட்டியோடு மேலே வந்தார்.

அப்போது ஒரு வெடி கேட்டது.

புகைக்குள்ளிருந்து யார் சுட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் தோட்டாப் பெட்டியோடு பின்னால் நின்ற ஆம்ப்ரோஸுக்குச் சத்தம் தெரியும். மருந்து குறைத்த தோட்டாவுக்கு அடித்தொண்டையில் இருமுகிற மாதிரி ஒரு மந்தமான சத்தம். அன்றைக்கு அந்தத் தோட்டா ஒரே ஒருவரிடம்தான் இருந்தது.

ஆம்ப்ரோஸ் முந்நூறு கஜமும் ஓடினார். டொமினிக் மண்மேட்டின் சரிவில் மல்லாந்து கிடந்தார். சட்டியிலிருந்த பசை சட்டையெல்லாம் கொட்டி ரத்தத்தோடு கலந்திருந்தது.

"கொடி ஏத்தினேனே, மச்சான்," என்றார்.

"ஏத்தினீங்க. மேலதான் பறக்குது. பேசாதீங்க."

"நல்லா ஏத்தினேன்."

வண்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

டாக்டர் முதுகெலும்புப் பக்கத்திலிருந்து குண்டை எடுத்துக் கொடுத்தார். கிளப் செயலாளர் தன் கண்ணெதிரே அதை நிறுக்கச் சொன்னார். ஆம்ப்ரோஸ் மூன்று தடவை நிறுத்துப் பார்த்தார். நானூற்று இரண்டு கிரெயின். முனை காளான் மாதிரி விரிந்திருந்தது. அடிப்பாகம் வார்த்தபடியே முழுசாக இருந்தது.

பத்து நாள் கழித்து விசாரணை. நாலு துரைகளும் தங்கள் துப்பாக்கி காலியாக இருந்ததாகச் சொன்னார்கள். ஆம்ப்ரோஸைக் கூப்பிடுமுன் மொழிபெயர்க்கும் குமாஸ்தா சேஷகிரி அவரை வராந்தாவில் ஓரமாகக் கூட்டிப்போனார்.

"பாரும், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினா, நீர் துரை மேல பழி சொன்னதா ஆயிடும். உமக்கும் குடும்பம் இருக்கு."

உள்ளே விசாரணை அதிகாரி கேட்டார். "இந்தக் குண்டின் எடை என்ன?"

"நானூற்று இரண்டு."

"நானூற்று எண்பது கிரெயின் குண்டு எலும்பில் பட்டால் ஈயம் சிதறி எடை குறையலாமா?"

"குறையலாம்."

"அப்படியானால் இது எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று எடையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது?"

இதற்குப் பதில் ஆம்ப்ரோஸுக்குத் தெரியும். எழுபத்தெட்டு கிரெயின் என்றால் குண்டில் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு சிதறியிருந்தால் குண்டு உடைந்திருக்கும். இது உடையவில்லை, விரிந்துதான் இருக்கிறது. எட்டு கிரெயின் போயிருக்கும், அவ்வளவுதான். இது நான் வார்த்த குட்டைக் குண்டு. இதையெல்லாம் சொல்ல ஒரு நிமிஷம் போதும். எதிரே கேப்டன் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எடையை மட்டும் வச்சு முடியாதுங்க," என்றார் ஆம்ப்ரோஸ்.

சேஷகிரி அதை இங்கிலீஷில் சொன்னார். அந்த 'மட்டும்' இங்கிலீஷில் வந்ததா என்று ஆம்ப்ரோஸுக்குத் தெரியவில்லை. தற்செயல் மரணம், சுட்டவர் இன்னார் என்று தெரியவில்லை என்று தீர்ப்பெழுதினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெர்னதெத் கேட்டாள்.

"எடை எவ்வளவு இருந்துச்சு?"

அவர் சட்டையைக் கழற்றினார்.

"என்னங்க, எடை எவ்வளவு?"

"நானூற்று இரண்டு."

அவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. இரண்டு வகைக் குண்டின் எடையும் அவளுக்கு மனப்பாடம். தன் விரல்களையே பார்த்தபடி நின்றாள்.

"நான் சுத்தினதா?"

"ஆமா."

"அங்க சொன்னீங்களா?"

"கேட்கலை."

அதன் பிறகு அவள் காகிதம் சுற்றவில்லை. கட்டிலடியில் இருந்த காகிதக் கட்டை அடுப்பில் போட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து கேப்டன் தோட்டா அறைக்கு வந்தார். அந்த மரணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "மாதப் போட்டிக்கு அதே லேசான குண்டு முப்பது வேண்டும்," என்றார். முடியாது என்று சொல்லலாம். அச்சு உடைந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆம்ப்ரோஸ் அடுப்பை மூட்டினார். முப்பதும் வார்த்து, நிறுத்து, தானே காகிதமும் சுற்றினார். பழக்கமில்லாத கையில் பாதி கிழிந்தது, திரும்பச் சுற்றினார். முந்நூறு கஜப் போட்டியில் கேப்டன்தான் ஜெயித்தார். கைதட்டல் தோட்டா அறைவரை கேட்டது.

மறு வருடம் மழைக்காலத்தில் கேப்டனுக்குப் பர்மாவுக்கு மாற்றல் வந்தது. அவர் போன அன்று ஆம்ப்ரோஸ் செயலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். சத்தத்தை, எட்டு கிரெயினை, உடையாத அடிப்பாகத்தை. செயலாளர் முழுக்கக் கேட்டார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

"அந்தக் குண்டு இப்போது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. விசாரணை முடிந்த விஷயம். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?"

மாதக் கடைசியில் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

வீட்டில் சொன்னபோது பெர்னதெத் குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். "ஆள் கப்பல் ஏறின பிறகா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனாள்.

பிறகு ஆம்ப்ரோஸ் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரும் பூசைக்குப் போனார்கள். பெர்னதெத் அவருக்குச் சோறு போட்டாள், காய்ச்சலில் கிடந்தால் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் அண்ணனைப் பற்றி அவர் பேச்செடுத்தால் எழுந்துபோய்விடுவாள். அப்படியே பதினேழு வருடம் போயிற்று.

1911-ல் மார்ச்சளி முற்றி அவர் இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் டொமினிக்குக்குப் பக்கத்தில் ஒரு குழிக்கு இடம் இருந்தது. பங்குச்சாமியார் அதைக் காட்டி, "குடும்பம் ஒரே இடத்தில் இருக்கட்டுமே, அம்மா," என்றார்.

பெர்னதெத் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அங்க வேணாம் சாமி. வேற இடம் காட்டுங்க."

வடக்குச் சுவரோரம் குழி வெட்டினார்கள்.