இருநூறு தடவை ‘இஞ்சாருங்கோ’

என் மனைவி ஒரே காலையில் சீனி வருத்தத்துக்கான குளிசை மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட்டாள். பத்து மணியளவில் உடம்பெல்லாம் வியர்த்து, நாக்குழறி, குசினிக் கதவைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். சீனித் தண்ணீர் பருக்கி, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். நல்ல காலம், தப்பிவிட்டாள். வீட்டுக்குக் கூட்டிவந்து கதிரையில் இருத்தியதும் நான் செய்த முதல் வேலை, கத்தியதுதான்.

"போட்டதோ போடேல்லையோ எண்டு தெரியாட்டில் என்னைக் கேக்கிறதுக்கு என்ன? நானென்ன செத்தே போனன்?"

அவளுக்குக் கண் பார்வை மங்கி மூன்று வருடமாகிறது. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும். மணிக்கூடும் குளிசை அட்டையும் தெரியாது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது என்று நான் தீர்மானித்தேன். முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவன் தீர்மானித்துவிட்டால் அதற்கு மறுகதை கிடையாது. வீட்டுக்குள் மட்டுமாவது அப்படித்தான்.

விஷயம் கேள்விப்பட்டு மகள் கனடாவிலிருந்து கதைத்தாள். "அப்பா, நாங்கள் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுற ஸ்பீக்கர் இருக்கு. வாங்கி அனுப்பட்டே?"

"நீ சும்மா இரு பிள்ளை. உது எனக்குச் செய்யத் தெரியாதே?"

அவள் சிரித்தது நன்றாகவே கேட்டது. மனைவிக்காகத்தான் செய்தேன் என்று ஊருக்குச் சொன்னேன். பாதி அந்தச் சிரிப்புக்காகச் செய்தது.

கொழும்பிலிருந்து ஒரு சின்னக் கணினிப் பலகையை எடுப்பித்தேன். முழுக் கணினியும் ஒரு சீட்டுக்கட்டின் அளவுதான். அதோடு ஒரு மைக், பழைய ரேடியோவில் கழற்றிய ஸ்பீக்கர், எல்லாம் ஒரு பெட்டிக்குள். முதல் கிழமை முழுவதும் அந்தப் பலகை ஒரு நிமிடம் வேலை செய்யும், பிறகு அணைந்துபோகும். புரோகிராமை மாற்றி மாற்றி எழுதினேன். "கோதாரி விழுந்த சாமான்" என்று மேசையில் அடித்தேன். அனுப்பிய கடைக்காரனைப் போனில் பிடித்து ஏசினேன். கடைசியில் பார்த்தால், நான் கொடுத்திருந்த பழைய போன் சார்ஜரில் மின்சாரம் போதவில்லை. மின்னோட்டக் கணக்குப் பிழைத்ததற்காக வகுப்பில் எத்தனை பிள்ளைகளை வாங்குக்கு மேல் ஏற்றி நிறுத்தியிருப்பேன்! அன்றைக்கு என்னை ஏற்றி நிறுத்த ஒருவரும் இல்லை.

அடுத்த தலையிடி, அதைக் கூப்பிட ஒரு பெயர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பெட்டி காது கொடுக்கும். நல்ல நல்ல தமிழ்ப் பெயர்களாக எழுதிக்கொண்டு போய் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஒரு பெட்டியைப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வெக்கமாய்க் கிடக்கு" என்றாள்.

கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் என் பெயரையே அவள் சொன்னதில்லை. அலுவலகங்களில் கணவர் பெயர் என்னவென்று கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். எங்கள் ஊரின் அந்தக் காலத்துப் பெண்கள் எல்லோரையும் போல, எனக்கு அவள் வைத்த பெயர் ‘இஞ்சாருங்கோ’தான்; ‘இங்கே பாருங்கோ’ என்பதன் சுருக்கம்.

"சரி, அப்ப அதையும் இஞ்சாருங்கோ எண்டே கூப்பிடும்" என்றேன்.

அந்தச் சொல்லைப் பெட்டிக்குப் பழக்க, அவளுடைய குரலில் இருநூறு தடவை பதிய வேண்டும். கிட்டவிருந்து கொஞ்சம், தூரத்திலிருந்து கொஞ்சம், மெல்ல, பலமாக. கிட்டத்து வேலை முடிந்ததும் அவளைக் கிணற்றடியில் கதிரை போட்டு இருத்தினேன். "வேறை ஒரு சொல்லும் வாயிலை வரப்படாது. வந்தால் முழுக்கப் பழுது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, என் சத்தம் கலந்துவிடாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு மைக்கின் முன்னால் இருந்தேன்.

"இஞ்சாருங்கோ!" கொஞ்சம் பொறுத்து, "இஞ்சாருங்கோ!" இன்னும் பலமாக, "இஞ்சாருங்கோ!"

ஐம்பது தடவை ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "என்னக்கா? மாஸ்டருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கிறாள். என் மனைவி சொல் தட்டாதவள். கையை மட்டும் ஆட்டிவிட்டு மறுபடியும் "இஞ்சாருங்கோ!" என்றாள்.

கண் தெரியாத மனுசி கிணற்றடியிலிருந்து புருசனைக் கூப்பிடுகிறாள், கூப்பிடுகிறாள், புருசன் வாய் திறக்கவில்லை. அயலவள் வேறு என்னத்தை நினைப்பாள்? "ஐயோ மாஸ்டர்!" என்று குழறிக்கொண்டு, கையில் அகப்பையோடு படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் ஒழுங்கையில் நின்ற நாலைந்து பேர். கதவைத் தள்ளித் திறந்தார்கள். நான் வாயைப் பொத்தியபடி, முழுசிக்கொண்டு, முழு உயிரோடு கதிரையில் இருந்தேன்.

அயலவள் மூச்சு வாங்கி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மனுசி கூப்பிடக் கூப்பிட இதுக்குள்ளை சும்மா இருந்தனீங்களோ?"

செத்துக் கிடந்திருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். அடுத்த நாள் பாண் வாங்கப் போனபோது கடைக்காரர், "மாஸ்டர் எழும்பி வந்திட்டியள்" என்றார். மனைவி மட்டும் இரண்டு நாளாக நினைத்து நினைத்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் சொல்லும் கணினிக் குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை. செய்தி வாசிப்பதுபோல இருக்கிறதாம். ஆகவே பதில்களை நானே பதிந்தேன். முதல் தடவை போட்டுக் கேட்டேன். ‘இப்ப நேரம்’ என்று நான் சொன்னது சண்டைக்கு வருகிறவன் சொல்வதுபோல இருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடியும் பதிந்தேன். அதுவும் சரிவரவில்லை. ஆறாவது ஏழாவது முறைதான் ஒரு மனிதக் குரல் வந்தது: "ஓம், காலமைக் குளிசை போட்டாச்சு. யோசிக்காதையும்."

பெட்டி நன்றாகவே வேலை செய்தது. குளிசை போட்டதும் அவள் சொல்வாள், பெட்டி ஞாபகம் வைத்திருக்கும். சந்தேகம் வந்தால் கேட்பாள், சொல்லும். இரண்டு மாதம், ஒரு பிழையில்லை. நான் மகளுக்குப் போன் எடுத்து ஒரு மணித்தியாலம் பெருமையாய்ப் புழுகினேன்.

ஒருநாள் பின்னேரம் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் பெட்டியிடம் நேரம் கேட்டாள். சொன்னது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டாள். சொன்னது. பிறகு குளிசை போட்டதோ என்றாள். பிறகு மறுபடியும் நேரம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழும்பி உள்ளே போனேன்.

"என்னப்பா உமக்கு? இப்பத்தானே கேட்டனீர்! அஞ்சு நிமிசத்துக்கை நேரம் எங்கை ஓடப்போகுது?"

அவளுடைய தோள் ஒடுங்கியது. "நான் உங்களைக் கேக்கேல்லையே" என்றாள். "அதைத்தானே கேட்டனான். அது எத்தினை தரம் கேட்டாலும் ஏசாது."

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "அண்டைக்கும் குளிசை போட்டனானோ எண்டு உங்களைக் கேப்பம் எண்டுதான் வந்தனான். அதுக்குச் சரியா முன்னந்தான் நேரம் கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்தனீங்கள். பேந்து கேக்கப் பயமாய்க் கிடந்தது. அதுதான் திரும்பவும் போட்டிட்டன்."

அவளை விழுத்தியது மறதி இல்லை. என் வாய்க்கு இருந்த பயம். எனக்கு என்னை நினைக்கவே கூசியது.

அடுத்த நாள் காலையில் பெட்டியின் வயரைக் கழற்றினேன். "உது பழுதாப் போச்சு. இனி என்னையே கேளும்" என்றேன், எவ்வளவு இனிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு இனிமையாக. "ஓம்" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் குளிசை அட்டையை மடியில் வைத்து, வெறுமையான குழிகளை விரலால் தடவித் தடவி எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை பிசகியதும் முதலிலிருந்து தொடங்கினாள். நான் மூன்றடி தள்ளி இருந்தேன். நான் இருப்பது அவளுக்குத் தெரியும். கேட்பாள், கேட்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எழும்பிப் போய் வயரைத் திரும்பச் செருகிவிட்டேன்.