வாந்திக்கு ஒரு விண்ணப்பம்

முன்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாந்தி எடுத்த நோயாளி என்றால், அதை முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொண்டு, அறுவை முடிவதற்குள் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். வார்டுக்கு வந்தபின் வலியை விசாரிக்கும்போதெல்லாம் குமட்டலையும் தனியாக விசாரிக்க வேண்டும். இது விதி. மைசூரில் என் மனைவிக்கு வலது முழங்காலை மாற்றிய மருத்துவமனையில் இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ரயில்வேயில் விதிப்புத்தகத்தோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கடைசி வரி வரை படித்தேன். ஆனால் முன்பு கர்ப்பப்பை அறுவைக்குப் பிறகு அவள் வாந்தியில் துவண்டதைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

வார்டில் ஒரு நர்ஸ், "ஹேகிதீரா அம்மா?" என்று கன்னடத்தில் பொதுவாக நலம் விசாரித்தார்.

"பரவாகில்லா" என்றாள் மனைவி. குடல் புரண்டுகொண்டிருந்தாலும் அப்படிச் சொல்வதுதான் இந்த ஊர் மரியாதை. அந்த மரியாதையை, குமட்டல் இல்லை என்று எழுதிக்கொண்டு அவர் போனார்.

சற்று நேரத்தில் அவள் முகம் வெளுத்தது.

"விதிப்படி பார்த்தா..." என்று தொடங்கினேன்.

"விதி கெடக்கட்டும், மொதல்ல அந்த பேசினைப் பிடிங்க!"

பிடிப்பதற்குள் போர்வை போயிற்று. தமிழ் பேசும் ஹனூர்க்கார நர்ஸ் ஒருவர் ஓடி வந்து, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துக் கொப்பளிக்கச் செய்தார். டாக்டரிடம் போனில் கேட்டு ஊசியும் போட்டார்.

"ஏனுங்கம்மா, ஒமட்டுச்சுன்னா சொல்லக் கூடாதுங்களா?"

"உங்களுக்கு எதுக்கு சிரமம்னுதான்..."

"இப்ப போர்வை மாத்தறது சிரமமில்லீங்களா?"

அந்த நிலையிலும் மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

வீடு திரும்பியபின் வலது கால் நன்றாக நடந்தது. இடது முழங்காலும் தேய்ந்து போயிருந்தது. அதையும் மாற்றியாக வேண்டும் என்றார் டாக்டர். மனைவி மறுத்துவிட்டாள்.

"அந்த வாந்திக்கு என்ன பண்ணப்போறாங்கன்னு எழுத்துல சொல்லட்டும். இல்லேன்னா இந்தக் காலோடயே இருந்துக்கறேன்."

எழுத்து என்றால் அது என் இலாகா. சுவரிலிருந்த விதியை மேற்கோள் காட்டி மருத்துவமனைக்கு விண்ணப்பித்தேன். பிறகு ஒரு நினைவூட்டல். பிறகு அந்த நினைவூட்டலை நினைவூட்டி இன்னொன்று. அதற்குள் இடது கால் மோசமாகி, அவள் கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

கடைசியில் வந்த பதில் சின்னதுதான். முந்தைய இரண்டு வாந்திகளும் அவள் கோப்பில் பதிவாகிவிட்டன. அடுத்த அறுவையின்போதே தடுப்பு மருந்து தரப்படும். வார்டில் குமட்டல் தனியாகக் கேட்கப்படும். மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு, இடது காலுக்கு நாள் குறித்து வரச் சொன்னாள். நான் மருத்துவமனைக்குக் கிளம்பியபோது தசரா ஊர்வலக் குப்பையை ஊரெல்லாம் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். விஜயதசமிக்கு மறுநாள் அது.