மில்லு அக்காவும் செம்பு முனையும்

பதினோரு வருஷம் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டியவள், சண்டை போட்டுத்தான் தூள் அரைக்கும் மில்லுக்கு வந்தாள். அதனால் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் ‘மில்லு அக்கா’. செம்புத் தூளையும், கண்ணுக்கே தெரியாத அலுமினிய ஆக்சைடு துகள்களையும் எஃகு உருண்டைகளோடு போட்டு அரைப்பது அவள் வேலை. அந்தக் கலவையில் கார் பட்டறைகளுக்கான வெல்டிங் முனை செய்ய வேண்டும். கரண்டு தாராளமாகப் போக வேண்டும், சூட்டில் நசுங்கவும் கூடாது.

முதல் வருஷம் ஆக்சைடை அள்ளிப் போட்டாள். முனை கல்லாக நின்றது, கரண்டுதான் போகவில்லை. நூற்றுக்கு ஒன்றாகக் குறைத்தால் துகள் கட்டி பிடித்து உயிரை வாங்கியது. விடுவாளா? மூன்று வருஷம் மல்லுக்கட்டி வழிக்குக் கொண்டுவந்தாள். “தூளைப் பத்திப் பேசாம ஒரு வாய் சாப்பிட மாட்டியா?” என்பார் தையல்காரரான அவள் வீட்டுக்காரர்.

ஒரு நாள் காலை மேனேஜர் இரண்டு முனைகளைச் சோதிக்கச் சொன்னார். ஒன்று வெளியில் வாங்கும் குரோமியம் கலந்த செம்பு, மற்றது அவளுடையது. எல்லோரும் ‘கண்ணாடி’ என்று கூப்பிடும், கடினம் அளக்கும் பையன் வைர ஊசியை முனையில் அழுத்தி எண்ணைப் படித்தான். வாங்கியது நூற்றைம்பது, அவளுடையது நூற்று முப்பது.

“அவ்வளவுதாம்மா. மில்லை நிறுத்திடுங்க. நாளையிலேருந்து பேக்கிங்குக்குப் போங்க,” என்றார் மேனேஜர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வெல்டிங் முனை என்ன ஃப்ரிட்ஜுக்குள்ளயா வேலை பார்க்கப்போகுது? சூடாக்கிட்டு அளங்க சார்.”

“விதிமுறையில அது இல்லம்மா.”

“அப்ப அதை எழுதினவர் வெல்டிங்கே பார்த்ததில்ல.”

அவர் முகம் சிவந்து வெளியே போனார். அவள் இரண்டு முனைகளையும் எடுத்துக்கொண்டு உலைக்கு நடந்தாள்.

“அக்கா, அனுமதியில்லாம உலையைத் தொட்டா மெமோ வரும்,” என்றான் கண்ணாடி.

“வரட்டும். மூணு வருஷத்தை ஒரு ஊசிக்குத்துக்கு விட்டுட்டுப் போகச் சொல்றியா?”

தொள்ளாயிரம் டிகிரி, ஒரு மணி நேரம். சூடேறினால் செம்புக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து இளகிவிடும். நடுவில் அந்தத் துகள்கள் இருந்தால், வாசலை மறித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிற ஆள் மாதிரி, சேர விடாது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உலைக் கதவை விட்டு அவள் நகரவில்லை.

ஆறிய பிறகு கண்ணாடி மறுபடி அளந்தான். வாங்கிய முனை அறுபதுக்கு இறங்கியிருந்தது. அவளுடையதை இரண்டு தடவை அளந்தான். நூற்றுப் பதினெட்டு.

மறுநாள் மேனேஜர் மில்லுக்கே வந்தார், கையில் மெமோவோடு. “ரிசல்ட் பார்த்தேன். மில்லு ஓடட்டும். ஆனா உலையைத் தொட்டதுக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டு ஓட்டுங்க.”

அவள் மெமோவை வாங்கி அதன் அடியிலேயே எழுதிக் கொடுத்தாள்: ‘அனுமதியில்லாமல் சூடாக்கினேன். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டீர்கள்.’

“இதுல மன்னிப்பு எங்கம்மா?”

“அது நீங்க எழுத வேண்டியது சார்.”

சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டாள். உருண்டைகள் தடதடவென்று உருளத் தொடங்கின. அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை.