பாக்கியம் அக்கா மலைக்குக் கொண்டுபோன கரைவலைக் கயிறு

இது நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். கடல் வரும் என்று சொன்னவனும் நான்தான். சண்டை ஒரு நாள் நிற்கும், பதுளை வீதிச் சோதனைச்சாவடிகளை எடுப்பார்கள் என்று சொன்னவனும் நான்தான். போன மாதம் பாக்கியம் அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்து, அவர் இனி அதிக நாள் இருக்கமாட்டார் என்று சொன்னேன். வழமைபோல ஒருவரும் காது கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை களுவாஞ்சிக்குடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அம்மா..." என்றாள். "தெரியும் மகள்" என்றேன். பொறுக்கிய கத்தரிக்காயை அப்படியே குவியலில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஏறிய பிறகுதான் பார்த்தேன், அது எதிர்ப்பக்கம் போகிற பஸ்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது உண்மைதான். ஆனால் ஊரில் மனு எழுதவும் கடிதம் எழுதவும் யாரிடம் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டம் பெற்றவர்களே என் எழுத்தை வாசித்துவிட்டு இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்திருக்கிறார்கள்.

அக்கா பிறந்தது பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வீட்டில். கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்குத் தோணி வைத்திருந்த, ஊர் முறையில் நமக்கு அண்ணனான ஒருவரைக் கட்டிக்கொண்டு, வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த நம் ஊருக்கு வந்தார். வந்த அன்று கரையில் நின்று வெகுநேரம் கடலைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணிக்கு அந்தாண்ட மல இருக்குதா?" என்று கேட்டார். கரை முழுக்கச் சிரித்தது. "இருக்குது மச்சாள், ஆனா ஏறிப் பாக்க ஒண்ணா" என்று நான்தான் பதில் சொன்னேன். ஒரு வருடத்துக்குள் அக்கா மீன்கூடை தூக்கிய வேகத்தை நாங்கள் எட்டிப்பிடிக்க முடியவில்லை. ஒரு தடவை அவர் தலையில் ஒரு முழுச் சுறா இருந்தது. வால் நிலத்தில் இழுபட்டது. நான் பார்த்தேன்.

மார்கழியில் சுனாமி அலை வந்தபோது அண்ணன் போனார். ஊரில் யாருடைய வீட்டில் யார் போனார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. மிஞ்சியவர்கள் செங்கலடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கிடந்தோம். முகாமில் முதல் நாள் அடுப்பு மூட்டியது பாக்கியம் அக்கா. மூன்றாம் கிழமை தோணியும் வலையும் போன கரைக்குத் தனியாகப் போய், தாழைப் பற்றைக்குள் சிக்கிக் கிடந்த கரைவலைக் கயிற்றை இழுத்தெடுத்துக் கொண்டுவந்தார். உப்பேறிய, மணிக்கட்டுத் தடிப்பான கயிறு. "இது எதுக்கு அக்கா?" என்று கேட்டால், "கயிறுதானே, கெடக்கட்டும்" என்பார்.

குணத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அன்று காலை கடல் உள்ளே வாங்கியபோது வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் அவனும் ஒருவன். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். குணம் விடவில்லை. "இன்னும் நாலு பாகக் கயிறுதான், வலை மடி வந்திட்டுது, விடாதேங்கடா!" என்று கத்திக்கொண்டு நின்றான். அவனைக் கூப்பிட அவன் மனைவி வீட்டிலிருந்து கரைக்கு இறங்கி வந்தாள். அவனை ஒரு தென்னை தடுத்தது. அவளை ஒன்றும் தடுக்கவில்லை. அதன்பிறகு குணம் எந்தக் கயிற்றையும் தொடவில்லை. கிணற்றில் நீர் அள்ளக்கூட அடுத்தவரைக் கேட்டான். கூடாரத்துக்குத் தரப்பாள் கட்ட வந்த பொடியன்கள் கயிற்றை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். வேறு விடயங்களில் நன்றாகவே இருந்தான், நிறையப் பேசினான், பகிடி விட்டான். அதுதான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "பேச்சு ஓடுது, கையி செத்துப்போச்சு. கை செத்தா ஆளு அப்புறம் எத்தன நாளைக்கு?" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

சித்திரை வந்தது. தன் தம்பி கங்காணியாக இருக்கும் தோட்டத்தில் வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டி, குடும்பம் குடும்பமாகப் போவோம் என்று அக்கா கிளப்பினார். முகாமே எதிர்த்தது. "இஞ்ச கா பாக்கியம், ஆண்டு திரும்பாத வீட்டில வருசம் கொண்டாடுறதா? உனக்கென்ன பைத்தியமா புள்ள?" என்று பொன்னம்மா மாமி கேட்டார்.

"கொண்டாட ஆருங்க கூப்புட்டா? பலகாரம் சுட வாணாம், புதுத்துணி வாணாம். பஸ்ஸுல ஏறுங்க, அவ்வளவுதான். புள்ளைங்க மூணு மாசமா சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு."

"நாங்க வரல்ல."

"அப்ப நானு புள்ளைங்களோட போறன். நீங்க சுவத்தப் பாருங்க."

பஸ் புறப்படும்போது ஓடிவந்து முதலில் ஏறியவர் பொன்னம்மா மாமி. அப்போது சமாதானக் காலம். அந்தப் பக்கத்துச் சாவடி, இந்தப் பக்கத்துச் சாவடி, இரண்டிலும் இறங்கி ஏறினோம். அக்காவின் மடியில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. "என்ன?" என்று சிப்பாய் கேட்க, "உருளக்கெழங்கு" என்றார். அது விளைகிற மலைக்கே உருளைக்கிழங்கு கொண்டுபோகிற ஒருவரை அவன் அன்றுதான் பார்த்திருப்பான். விட்டுவிட்டான்.

தோட்டத்தில் முள்முருங்கை எல்லாம் சிவப்பாகப் பூத்து நின்றது. பிள்ளைகள் முதலில் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. பாறையிலிருந்து குழாய் வைத்து விழுத்திய பீலித் தண்ணீரில் தோட்டத்துப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக் குளிப்பதைப் பார்த்து ஒவ்வொன்றாக இறங்கின. இறங்கிய மறுகா பிடிக்க முடியவில்லை. சாக்கோட்டம், தேசிக்காய்க் கரண்டி, முட்டி உடைத்தல் எல்லாவற்றிலும் விழுந்து எழும்பின. பணிஸ் சாப்பிடும் போட்டியில் பொன்னம்மா மாமி இரண்டாம் இடம் எடுத்தார். முதலாம் இடம் யார் என்று நான் சொன்னால் பெருமை பேசுகிறேன் என்பீர்கள்.

கடைசியாகக் கயிறிழுத்தல். தோட்டத்தார் வைத்திருந்த கயிறு கறையான் அரித்து, எடுத்தவுடனேயே இரண்டாகப் போனது. "அப்ப ஒண்ணும் இல்ல" என்று தம்பி கங்காணி கையை விரித்தார். அக்கா சாக்கை அவிழ்த்தார். கரைவலைக் கயிறு புல்லில் விழுந்தது. அவ்வளவு உயரத்திலும் கடல் மணத்தது. நம் ஆம்பிளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் இரண்டடி பின்னால் போனார்கள்.

"என்னா மச்சான், கரண்ட்டு கம்பியா கெடக்கு? கடக்கரக்காரவுங்களுக்கு கயிறு புடிக்க தெரியாதுங்களா?" என்று கங்காணி நக்கலடித்தார்.

ஒருவன் பிடித்தான். பிறகு இன்னொருவன். ஏழு பேர் ஆனார்கள். எட்டாவது ஆள் வேண்டும். அக்கா குணத்திடம் போனார். "எனக்கு ஒண்ணா அக்கா" என்றான். "ஒன்னய ஆரும் மீன் புடிக்கச் சொல்லல. சும்மா வாலப் புடிச்சிக்கிட்டு நில்லு" என்றார். அவன் வரவில்லை. அக்கா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு எட்டாவது ஆளாகத் தானே போய் நின்றார். நான் ஓரத்தில் நின்று கட்டளை கொடுத்தேன்.

அந்த மைதானம் சரிவு. நம் ஆட்கள் ஓடிப்போய் மேட்டுப் பக்கத்தைப் பிடித்தார்கள். கரைவலை இழுக்கிறவனுக்கு அதுதான் பழக்கம்: முகம் கீழே கடலுக்கு, முதுகு மேலே கரைக்கு. விசில் ஊதியதும் மரக்கட்டைகள் மாதிரிக் கீழே உருண்டு போனார்கள். தோட்டத்துச் சனம் தப்படித்துச் சிரித்தது.

"அடேய், இது கடலில்லடா! கீழ்ப்பக்கமா போயி நில்லுங்க, பாரம் தன்னால இழுக்கும்" என்று அக்கா கத்தினார். ஒருவரும் அசையவில்லை. கீழே நிற்பதென்றால் பள்ளத்துக்கு முதுகு காட்ட வேண்டும். அலைக்குப் பிறகு நம்மில் ஒருவர்கூடக் கடலுக்கு முதுகு காட்டி நின்றதில்லை. அங்கே கடல் எத்தனையோ மைலுக்கு அப்பால். என்றாலும் ஒருவராலும் முடியவில்லை.

அக்கா தனியாக இறங்கி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கயிற்றின் வாலைப் பிடித்தார். அவர் உள்ளங்கை முதல் இழுப்பிலேயே உரிந்திருந்தது. கயிற்றில் இரத்தம். குணம் அதைப் பார்த்தான். இறங்கிப் போனான். அக்காவின் கையிலிருந்து கயிற்றை வாங்கி இடுப்பில் சுற்றினான். "விடாத" என்று அக்கா அவன் காதுக்குள் சொன்னார். "இந்தத் தடவ நீ விடாம நின்னா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது. நான் பின்னாலதான் நிக்கிறன், பள்ளத்த நான் பாத்துக்குறன்." சொன்னபடியே அவனுக்குப் பின்னால் போய், அவன் முதுகோடு முதுகு வைத்து, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற ஏழு பேரும் இறங்கி வந்தார்கள். "ஏலேலோ" என்று ஒரு குரல் கிளம்பியது. கங்காணியின் ஆட்கள் எட்டுப் பேரும் எங்கள் மேலேயே வந்து விழுந்தார்கள்.

ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது இழுப்புக்குக் கை வைக்கும் முன்பே மலை மழை கொட்டிவிட்டது. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் கங்காணி. அடுத்த வருடம் சண்டை திரும்பி வந்தது, வீதியை மூடினார்கள். அதற்கிடையில் குணம் கடலுக்குப் போனான். இன்றும் போகிறான். இந்த வைகாசியில் சண்டை முடிந்தது என்று வானொலி சொன்னபோது, அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, "அப்ப வர்ற சித்திரைக்கு மூணாவது இழுப்பு" என்றார்.

வரும் சித்திரைக்குப் பஸ் பிடித்தாகிவிட்டது. அக்காவின் மகளும் வருகிறாள். கயிறு என்னிடம்தான் இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கயிறும், முதுகில் அன்று பட்ட அந்தச் சூடும்.

வாசித்துக்கொண்டு வரும்போதே, நம் ஊர்ச் சனமே, நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஓம், உண்மைதான். குணம் என்று ஒருவன் நம் ஊரில் இல்லை. நான் ஓரத்தில் நின்று கட்டளை கொடுக்கவுமில்லை. குணம் என்று வருகிற இடமெல்லாம் என் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள்.