படி அரிசிக்கு ஒரு ஸ்தோத்திரம்

ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்திலிருந்த வேதக்கோயிலில், கைம்பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஆளுக்கு இரண்டு படி அரிசி கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. அந்த வாரம் ஆண்டவர் நமக்குச் செய்த நன்மை ஒன்றைச் சொல்லி, ஸ்தோத்திரம் என்று முடித்தால்தான் படி சாயும். போன வாரம் சொன்னதை இந்த வாரம் சொல்லக்கூடாது. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொல்லக்கூடாது.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். நல்ல மனிதர், ரொம்ப ஒல்லி. காற்றடித்து அங்கி உப்பினால், மனிதர் உள்ளே இருக்கிறாரா, போய்விட்டாரா என்று பார்க்கத் தோன்றும்.

"தெனமும் ஒண்ணு தேடுங்கம்மா. தேடத் தேடக் கண்ணு பழகிக்கும்" என்பார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் நாங்கள் தேடித் தேடிக் களைத்தவர்கள். ஏரிக்கு அக்கரையில் எங்கள் குப்பம். ஆண்கள் தோணியில் போய் வலை போடுவார்கள். ஆம்பளை இல்லாத வீட்டுப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டு இறாலைத் துழாவுவோம். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியை, அதுதான் பனையோலைக் கூடையை, பல்லால் கடித்துக்கொள்வோம். காலையில் கடித்தால் வெயில் ஏறும்வரை வாயைத் திறக்க முடியாது. மற்றவர்களுக்கு முதுகு வலி. எனக்கு அதோடு பேசமுடியாத வலியும் சேர்ந்துகொள்ளும்.

முதல் மாதம் எல்லோரும் சுலபமாகச் சொன்னார்கள். காலையில் எழுந்தோம், கண் தெரிந்தது, மழை பெய்தது. இரண்டாம் மாதம் சரக்கு தீர்ந்தது. வெள்ளிக்கிழமையானால் பெண்களுக்குப் பேதி வராத குறை. அப்போதுதான் நான் கடை விரித்தேன்.

அவரவர் வீட்டுக்குத் தகுந்த மாதிரி ஒரு நன்மையைத் தயார்செய்து கொடுப்பேன். மாமியாரோடு சண்டை போடுகிறவளுக்கு, "எங்க மாமியாருக்குத் தொண்ட கட்டிக்கிச்சு." குடிசை ஒழுகுகிறவளுக்கு, "ராத்திரி படுத்துக்கினே நட்சத்திரம் பாத்தேன்." தோணியில் கழி போட்டுத் தள்ளும் பெரிய உடம்புக்காரி ஒருத்திக்கு, "நான் ஏறுனா தோணி ஒரு பக்கம் சாயுது, ஆனா இன்னும் முழுவல." உபதேசியாருக்கே உதடு துடித்தது. அதற்கு நான் வாங்கிய விலை ஒன்றுதான்: கரையிலிருந்து வீடுவரை என் ஈரப் பறியை அவர்கள் தூக்கி வரவேண்டும். வாரத்தில் ஐந்து நாள் நான் கைவீசி நடந்தேன்.

அந்த வருஷம் என் வீட்டில் இரண்டு கைம்பெண்கள். நான் பழையவள், மருமகள் புதியவள். முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்து என் மகன் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களைக்கூட நான் சிரிக்கவைத்துத்தான் அனுப்பினேன். மருமகள் கைக்குழந்தையோடு மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு எதிரே என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவள் திருப்பாலைவனத்துப் பக்கம் நெல் விளைவிக்கிறவர்கள் வீட்டுப் பெண். தண்ணீரில் இறங்கவே பயந்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்து துழாவக் கற்றுக்கொண்டாள். ஆனால் என் கடைப் பக்கம் வரவில்லை. கோயிலில் அவள் முறை வந்தால் ஒன்றையேதான் சொல்வாள்.

"இன்னாம்மா, இந்த வாரம்?"

"கொழந்த உசுரோட இருக்குது."

"அத்த போன வாரமே சொல்லிட்டியேம்மா."

"போன வாரமும் உசுரோடதான் இருந்துச்சுங்க அய்யா."

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இரண்டு வாரம் உபதேசியார் விட்டுக்கொடுத்தார். மூன்றாவது வாரம் படியைக் கீழே வைத்தார்.

"வாசல்ல ரெண்டு பொம்பளைங்க காத்துக்கினு நிக்கிறாங்க, பாரு. அவங்களும் நன்மையத் தேடிக்கினுதான் வந்திருக்காங்க. அடுத்த சனிக்கிழம வேற ஒண்ணு கொண்டாம்மா. இல்லாங்காட்டி உன் அரிசி அவங்களுக்குத்தான்."

வாடைக்காற்று நாள். பறியில் பாதிகூட நிறையவில்லை. என் இரண்டு படியை வைத்து மூன்று வயிற்றை ஓட்ட முடியாது. அது மட்டும் இல்லை. மருமகளின் அண்ணன் முன்னாலேயே வந்து, "அரிசி நின்னுடுச்சுன்னா ஒரு நாளுகூட இங்க வெச்சிருக்க மாட்டேன், இஸ்துக்கினு பூடுவேன்" என்று சொல்லிப் போயிருந்தான். அவள் போனால் பேத்தியும் போவாள். என் மகனுடைய மூக்கு இந்த உலகத்தில் அந்தக் குழந்தையின் முகத்தில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அந்த வாரம் முழுக்கக் கஞ்சி குடிக்கும் நேரத்தில் கடை போட்டேன்.

"முருங்க பூத்துச்சுன்னு சொல்லேன்."

"நம்ம வூட்ல முருங்கையே இல்ல, அத்தே."

"உபதேசியாரு தோணி ஏறி வந்து எண்ணிப் பாக்கப்போறாரா?"

அவள் கஞ்சியைக் கலக்கினாள்.

"செரி, இத கேளு. 'எங்க அத்தைக்குப் பல்லு வலி, ரெண்டு நாளா பேசல, ஸ்தோத்திரம்.' இத நான் யாருக்குமே குடுக்கல. உனக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்."

அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு அடங்கிவிட்டது.

"ஆண்டவர்கிட்டப் பொய் சொல்லி வாங்குன சோத்த எம்பொண்ணுக்கு ஊட்ட மாட்டேன்."

"இத்தினி நாளா என் படி அரிசியும் சேத்துத்தான பொங்குற? அவளுக்கு வயிறு வலிச்சுதா?"

அவள் சட்டியை வழித்துக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்கு நெசமா ஒண்ணுகூட இல்லியா, அத்தே?"

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. ஊருக்கெல்லாம் செய்து கொடுத்தவளுக்கு வரவில்லை. "பேஜாரு பண்ணாத, தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. பெரிய உடம்புக்காரி கழி போட்டாள். கோயில் பின்கட்டில் வரிசையில் மருமகள் முன்னால், நான் அவளுக்குப் பின்னால். அவள் முறை வந்ததும் அவள் முந்தானையை இழுத்து, "பல்லு வலி, பல்லு வலி" என்று காதோரம் சொன்னேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

"எங்க அத்தே வியாழக்கெழம தண்ணியில உக்காந்து அழுதாங்க" என்றாள். "வாயில பறி இருந்துச்சு, சத்தமே வரல. எட்டு மாசமா இவங்க அழுது நான் பாத்ததே இல்ல. அவருக்காக நான் ஒருத்திதான் அழுவுறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்டி இல்லன்னு தெரிஞ்சுது. ஸ்தோத்திரம்."

யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் கையில் படி அப்படியே நின்றது.

நடந்தது உண்மைதான். வியாழக்கிழமை சேற்றில் துழாவும்போது என் விரலில் வலைக்குக் கட்டும் மண்குண்டு ஒன்று தட்டியது. ஈரமாக இருக்கும்போது கட்டைவிரலால் அழுத்தி வைத்த பள்ளம் அதில் இருந்தது. என் மகனும் அப்படித்தான் அழுத்துவான். ஏரியில் எல்லா ஆண்களும் அப்படித்தான் அழுத்துவார்கள். யாருடையதோ தெரியாது. என் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்ததும் எனக்குத் தாங்கவில்லை. வாயில் பறி இருந்ததால் கேலி பேசித் தப்பிக்கவும் முடியவில்லை. முகமெல்லாம் ஏற்கெனவே உப்புத் தண்ணீர், யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகளுக்கு அரிசி அளந்தார். அடுத்தது நான்.

"நீ சொல்லும்மா."

பல்வலி நாக்கில் தயாராகத்தான் இருந்தது. நல்ல சரக்கு. விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். வாயைத் திறந்தேன். வரவில்லை.

"இவ பாத்துட்டா" என்றேன்.

"இன்னாத்த?"

"அதான். நான் அழுதத இவ பாத்துட்டா. அதுக்குத்தான்."

ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொல்லக்கூடாது என்ற சட்டம் உபதேசியாருக்கு நினைவு வரவில்லை. குனிந்து அளந்தார். கொஞ்சம் அரிசி தரையில் சிந்தியது. அவரே உட்கார்ந்து பொறுக்கி என் முந்தானையில் போட்டார்.

திரும்பும்போது தோணி பாதி ஏரியைத் தாண்டியது. பிறகு கழி போடுகிறவள் தொண்டையைச் செருமினாள்.

"யக்கா, வர்ற வாரத்துக்கு எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு குடேன். அழுவுற மாதிரி. பறி இன்னா, உன்னியே தூக்கிக்கினு போறேன்."

"அது விக்கிறதுக்கு இல்லடி" என்றேன். "நீ போயி நெசமா அழு. உன் கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா ஏரியில ரெண்டு மொழம் ஏறும், எங்களுக்கும் நாலு மீனு வரும்."

முதலில் சிரித்தது மருமகள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கரையில் இறங்கியதும் இரண்டு மூட்டை அரிசியையும் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் கேட்கவில்லை. விலையும் பேசவில்லை.

என் கடை அதோடு படுத்தது. பறியை நானே தூக்கினேன். இடுப்பு போனது அப்போதுதான்.

அவள் அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சும்மா திரும்பிப் போனான். பேத்தி எங்களோடேயே, வீட்டிலும் தினமும் ஆளுக்கொரு நன்மை சொல்லும் பழக்கத்தோடேயே வளர்ந்தாள். இப்போது அவளுக்கே நாலு பிள்ளைகள். ஆனாலும் கஞ்சிக்கு முன்னால் ஆளுக்கொன்று சொல்லும்போது மருமகள் பழையதையேதான் சொல்கிறாள்: "கொழந்த உசுரோட இருக்குது."

எனக்குச் சில நாள் ஏதாவது கிடைக்கும். பல நாள் கிடைக்காது. இட்டுக்கட்ட எனக்கா தெரியாது? ஆனால் இட்டுக்கட்டுவதில்லை. "இன்னிக்கு ரொம்ப அலுப்பா கீதுடி" என்று மட்டும் சொல்வேன். மருமகள் அதற்கும் ஆமென் சொல்லிவிட்டுக் கஞ்சி ஊற்றுவாள்.