இழுத்துப்பார் பூட்டிய கரண்ட்

என் வீட்டுக்காரருக்குக் கிடங்கில் வைத்த பெயர் இழுத்துப்பார். வேலைக்காலம் முழுக்க வாசல் கேட்டில் உட்கார்ந்து, போகிற வருகிற லாரிகளைச் சோதித்தவர். பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார், நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். வீட்டில் சர்க்கரை டப்பா குறைந்தால் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். எனக்கோ சர்க்கரை வியாதி. இன்சுலின் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறவள் டப்பாவை ஏன் தொடப் போகிறேன்?

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய வேனை வாங்கினார். மெத்தை, அடுப்பு எல்லாம் வைத்து ஊர் ஊராகச் சுற்றலாம் என்றார். என் மருந்து வெயிலில் கெட்டுப்போகுமே என்று கேட்டேன். அதற்கு வழி செய்தவன் என் தம்பி. அவன் வண்டி எலக்ட்ரீஷியன். ஒரு குட்டி ஃபிரிட்ஜை வைத்து, அதற்கென்றே இரண்டாவது பேட்டரி போட்டான். வண்டி ஓடும்போது எஞ்சின் இரண்டு பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றும். நிறுத்தினால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு தானாகவே அறுந்துவிடும், வண்டி கிளப்புகிற பேட்டரியை ஃபிரிட்ஜ் தொடாது. இதையெல்லாம் அவன் பொறுமையாக விளக்க, இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இவர் தலையை ஆட்டினால் ஒரு வார்த்தையும் நம்பவில்லை என்று அர்த்தம்.

முதல் பயணத்துக்குத் தம்பியும் கூட வந்தான். பகலெல்லாம் ஓட்டம், சாயங்காலம் ஏதாவது முகாமில் தங்கல். எங்களுக்கு வேன், அவனுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம். இரண்டாம் நாளே இவர் என் காதைக் கடித்தார்.

"உன் தம்பி விடிஞ்சும் விடியாம வண்டிகிட்ட நிக்கிறான். என்னைப் பார்த்ததும் எதையோ மறைக்கிறான்."

புது பேட்டரியைக் கழற்றிக்கொண்டு ஓட்டை பேட்டரியை வைக்கப் பார்க்கிறானாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தம்பியும் என் கண்ணைப் பார்த்துப் பேசாமல் நழுவிக்கொண்டேதான் இருந்தான். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில் எனக்கும் அந்தச் சந்தேக வியாதி கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு நானும் அவன் பையை ஒரு பார்வை பார்த்தேன்.

மறுநாள் காலையில் இவர் அவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். முகாம் குளியலறையிலிருந்து நீளமாக ஒரு ஒயர், வேனுக்கு அடியில் ஒரு சார்ஜர். நான் போனபோது தம்பி முகம் செத்துப்போய் நின்றான்.

"நாள் பூரா ஓடியும் ரெண்டாவது பேட்டரி ஏறவே மாட்டேங்குது மாமா. என் வேலையிலதான் எங்கயோ தப்பு. பிரிச்சுப் பார்க்கலாம்னா நீங்க பக்கத்துலயே வந்து நிக்கிறீங்க. அக்கா மருந்து கெட்டுடுமேன்னு உங்களுக்குத் தெரியாம சார்ஜ் போட்டுட்டிருந்தேன்."

இவர் விடுவாரா? இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகப் பூட்டி வைத்திருக்கிறேன், அது எப்படிக் காலியாகும் என்று மடக்கினார்.

"எதைப் பூட்டினீங்க?" என்றேன்.

அப்போதுதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. தம்பிக்குத் தெரியாமல் வேறொரு மெக்கானிக்கைப் பிடித்து, இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்த ஒயரை வெட்டி, சாவி போட்டுத் திருகும் ஒரு சுவிட்சை வைத்திருக்கிறார். டிரைவர் காலடி விரிப்புக்குக் கீழே. வண்டி ஓடும்போது, வண்டி கிளப்புகிற பேட்டரியின் கரண்ட்டை ஃபிரிட்ஜ் திருடிவிடக் கூடாதாம். தினமும் கிளம்பும் முன்னால் பூட்டியாகிவிட்டதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டாராம்.

தம்பி விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். சத்தம் போடவில்லை.

"இது கரண்ட் வெளிய போற வழி இல்ல மாமா. உள்ள வர்ற வழி."

இவர் அந்தச் சுவிட்சின் சாவியைத் திருகித் திறந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். இரண்டாவது பேட்டரியின் மீட்டரில் முள் ஏறத் தொடங்கியது. நான் ஃபிரிட்ஜில் கைவிட்டு மருந்தைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. அவன் பையைப் பார்த்த என் கண்ணை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார் இவர்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

முப்பது வருஷக் கேட் உத்தியோகத்தில் இவரை யாரும் கேட்காத கேள்வி.

மத்தியானம் சாப்பிட ஒரு கடையோரம் நிறுத்தினோம். இவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அப்படியே கழற்றித் தம்பி கையில் வைத்து, "நீயே பூட்டிட்டு வா" என்றார். தம்பி பூட்டிவிட்டு வந்தான். இவர் கடைவாசல் வரை எங்களோடு நடந்தார். அங்கே நின்று வேனைத் திரும்பிப் பார்த்தார். கை துறுதுறுத்தது எனக்குத் தெரிந்தது.

"போய் ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டு வாங்க மாமா, நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்" என்றான் தம்பி.

இவர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் கடைக்குள் போனார்.