துபாஷியின் தம்பி

எங்கள் அப்பா கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் துபாஷி. துரை பேசுவதைத் தமிழிலும் ஜனங்கள் பேசுவதை இங்கிலீஷிலும் எடுத்துச் சொல்வது அவர் வேலை. அவருடைய தம்பி, என் சித்தப்பா, தூத்துக்குடித் துறைமுகத்தில் பஞ்சு மூட்டை சுமந்தார். இருவரும் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். சித்தப்பாவுக்குப் படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது துறைமுகத்து ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். மூட்டை ஏற்றிய ரயில் பெட்டிகளைக் கடல்பாலம் வரைக்கும் கையால் தள்ளச் சொன்னது ரயில் கம்பெனி. அப்படித் தள்ளியதில் ஒருவர் சக்கரத்தில் அகப்பட்டுச் செத்துப்போனார். இனிமேல் இஞ்சின் இழுத்தால்தான் ஆச்சு என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். கப்பல்கள் காத்துக் கிடந்தன. கடைசியில் கலெக்டர் துரை இரண்டு தரப்பையும் கச்சேரிக்கு வரச்சொன்னார். ஆட்களுக்காகப் பேச வந்தவர் சித்தப்பா.

அவர் துபாஷியின் தம்பி என்று தெரிந்தால் கம்பெனிக்காரர்கள் பேச்சையே செல்லாது என்பார்கள், அப்பாவின் வேலையும் போய்விடும். அதனால் சித்தப்பா வீட்டுப் பக்கமே வராமல் ஆற்றங்கரை மண்டபத்தில் தங்கினார். "சித்தப்பா வந்திருக்காவன்னு ஒருத்தர்ட்டயும் மூச்சு விடப்படாது" என்று அம்மா சொல்லியிருந்தாள். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத எதையும் நான் கேட்டதும் இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் ஓலைக் கொட்டானில் பணியாரத்தை அள்ளிக்கொண்டு கச்சேரிக்கே போய்விட்டேன். வேப்பமரத்தடியில் சித்தப்பா நின்றார். பக்கத்தில் கம்பெனி குமாஸ்தா. நான் "சித்தப்பா" என்று கூப்பிட்டேன். குமாஸ்தா திரும்பிப் பார்த்தார்.

சித்தப்பா என்னைக் குனிந்து பார்த்தார். "யாரு வீட்டுப் புள்ளம்மா நீ? ஆளு தெரியாம வந்துட்டே போல. பைய வீட்டுக்குப் போ."

என்னைத் தோளில் தூக்கி ஆற்றுக்குக் கொண்டுபோன மனிதர் கேட்கிற கேள்வியா இது? கொட்டானை அங்கேயே போட்டுவிட்டு அழுதுகொண்டே ஓடினேன்.

மறுநாள் சமரசம் ஆகிவிட்டது. பெட்டிகளை இனி இஞ்சின் இழுக்கும். அப்பா மட்டும் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "தம்பிக்கு ஆள் விட்டீயளா?" என்று அம்மா கேட்டாள்.

"விட்டேன். கொழும்புக்குக் கப்பலேறப் போயிட்டானாம்."

"போகட்டும்" என்றேன் நான். "என்னையே தெரியாதுன்னு சொன்னாவல்லா." அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

சித்தப்பா திரும்பி வரவே இல்லை. என் கோபமும் வெகுகாலம் தணியவில்லை. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அன்று கச்சேரியில் நடந்ததைச் சொன்னார். ஒப்பந்தத்தின் கடைசி நிபந்தனை, ஆட்களைத் திரட்டியவனுக்கு இனித் துறைமுகத்தில் வேலை கிடையாது என்பது. துரை அதை இங்கிலீஷில் வாசித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு நாக்கு எழவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்ததுமே சித்தப்பாவுக்கு விளங்கிவிட்டது.

"சொல்லுங்க ஐயா" என்றாராம். "உங்க வேலையத்தான செய்யுதீய."

அப்பா சொன்னார். சித்தப்பா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.